கேள்விச் செல்வர்

மாணவர்களே, தமிழில் கேட்டல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆசிரியரிடம் ஐயத்தைக் கேட்கிறோம். இனிய பாட்டைக் காதால் கேட்கிறோம். வினவுவதும் கேட்டல், செவிகொடுப்பதும் கேட்டல். நீங்கள் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுபவர்களாயின், அம்மொழிகளில் இவ்விரு செயல்களுக்கும் வெவ்வேறு சொற்கள் வழங்குவதை அறிந்திருப்பீர்கள். நம் முன்னோர் ஆசிரியரிடம் நூல் கற்பதையும் பாடம் கேட்டல் என்றே கூறினர். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் கேள்வி என்பதே பெயர்.

இவ்வாறு கேட்டுக் கேட்டே உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். உ.வே.சா. என்று சுருக்கமாகவும், தமிழ்த் தாத்தா என்று அன்பாகவும் அவரை அழைக்கிறோம். அழிந்துபோகும் நிலையில் இருந்த பழந்தமிழ் நூல்களை ஓலைச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சில் ஏற்றியவர் அவர் என்பதை நீங்கள் முன்பே படித்திருக்கலாம். அப்பணி எப்படித் தொடங்கியது என்பது பலரும் அறியாத செய்தி. ஒருவர் கேட்ட ஒரு கேள்வியில் அது தொடங்கியது. அக்கேள்வி இனிமையான கேள்வி அன்று.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த செல்லப் பெயர் சாமிநாதன். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையர் என்னும் புகழ்பெற்ற இசைப்புலவரிடம் பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, மக்கள் மனமுவந்து அளிக்கும் பொருளைக் கொண்டு குடும்பத்தைக் காத்துவந்தார். ஓர் ஊரில் ஆதரவு குறைந்தால் குடும்பம் அடுத்த ஊருக்குப் பெயரும். அரியலூர், குன்னம் என்று பல ஊர்களில் அச்சிறுவனின் இளமை கழிந்தது. தந்தையின் பணி மாறும்போதெல்லாம் ஊரும் பள்ளியும் தோழரும் மாறும் வாழ்க்கை உங்களுள் பலருக்குப் புதியதன்று.

ஊர்கள் மாறினும் மாறாத ஒன்று அவனுக்கு இருந்தது. இரவுதோறும் விளக்கொளியில் தந்தையார் பாடுவதையும், ஊரார் அமர்ந்து கேட்பதையும் அவன் கண்டான். எந்த இடத்தில் கேட்போர் கண்கலங்குகின்றனர், எந்த இடத்தில் தலையசைக்கின்றனர் என்பது அவன் மனத்தில் பதிந்தது. பிற்காலத்தில் அவர் பெற்ற செல்வங்களுள் முதலாவது இந்தச் செவிப்பயிற்சி என்று கூறலாம். அரியலூரில் சடகோபையங்கார் என்னும் புலவரிடம் பாடம் கேட்டபோது தமிழ்ச் சுவை அவன் உள்ளத்தில் வேரூன்றியது.

பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதில் பெரியோர்கள் பல கருத்துகளைக் கூறினர். இவ்வுலகில் வசதியாக வாழ ஆங்கிலம் வேண்டும் என்றனர் சிலர். மறுவுலக நன்மைக்கு வடமொழி வேண்டும் என்றனர் வேறு சிலர். இசைக்குத் துணையாகத் தெலுங்கு கற்பிக்கும் முயற்சியும் நடந்தது. எல்லோரும் அவனுடைய நன்மையை நாடியே சொன்னார்கள். அவனும் எவரையும் எதிர்த்துப் பேசவில்லை. ஆயினும் எம்மொழியின் பாட்டைக் கேட்கும்போது தன் மனம் தானாக மலர்கிறது என்பதை அவன் கவனித்திருந்தான். அந்த மலர்ச்சி தமிழிலன்றி வேறெங்கும் அவனுக்கு உண்டாகவில்லை. தமிழ்ப் புலமையால் வயிறு நிறையாது என்று பலரும் கருதிய காலம் அது. தன் உள்ளம் சொன்னதைக் கேட்டு அதன்வழி நிற்பதற்கு அவ்வயதில் துணிவு வேண்டியிருந்தது. மகனின் விருப்பத்தை உணர்ந்து வழிவிட்ட தந்தையாரையும் இங்கே பாராட்ட வேண்டும்.

அக்காலத்தில் தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவராக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் மாயூரத்தில் இருந்தார். அவ்வூரே இன்றைய மயிலாடுதுறை. தந்தையார் மகனை அவரிடம் அழைத்துச் சென்றார். வேங்கடராமன் என்ற பெயரினும் சாமிநாதன் என்ற பெயர் ஆசிரியருக்கு விருப்பமாக இருந்தது. அன்றுமுதல் அதுவே நிலைத்தது.

மாயூரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி சிறியதுதான். எனினும் சொல்லத் தக்கது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதே ஊரில் வாழ்ந்தார். தந்தையாரின் விருப்பப்படி சாமிநாதர் அவரிடம் இசை கற்கத் தொடங்கினார். பிள்ளையவர்களுக்கோ இசைப் பயிற்சியில் ஈடுபாடு இல்லை. மாணவரின் இசைப் பயிற்சியை அறிந்தபோது அவர் கடிந்து பேசவில்லை. ஆனால் அவர் மனம் அதனை விரும்பவில்லை என்பதைச் சாமிநாதர் குறிப்பால் உணர்ந்தார். இசைப் பாடத்தை நிறுத்திக்கொண்டார். அது அவருக்கு எளிதாக இருந்திராது. இசை அவருடைய குலச்செல்வம் அன்றோ! அவர் அன்று நிறுத்தியது தமிழிசைக்கு இழப்பே என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் ஆசிரியர் வாய்திறந்து சொல்லாததையும் கேட்கும் செவி அவருக்கு அப்போதே இருந்தது.

பிள்ளையவர்கள் செய்யுள் இயற்றும் முறை வியப்பானது. கையில் ஏடும் எழுத்தாணியும் எடுத்து அமர்ந்து யோசித்து எழுதுவதில்லை. அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார். அருகில் இருக்கும் மாணவர் ஓலையில் எழுதுவர். செய்யுள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் ஓசை கெட்டுவிடும். சாமிநாதரும் இவ்வாறு எழுதினார். ஆசிரியர் பிற மாணவர்க்குச் சொல்லும் விளக்கங்களையும் உடனிருந்து கேட்டார். 1876ஆம் ஆண்டு ஆசிரியர் மறையும்வரை அவரை நிழல்போல் தொடர்ந்தார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அவர் பரிந்துரையால் அப்பதவி சாமிநாதையருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

இளமை, பதவி, மாணவர்களின் அன்பு, பெரும்புலவரின் மாணாக்கர் என்னும் பெருமை எல்லாம் ஒருங்கே வாய்த்த காலம் அது. அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்தார். ஆங்கிலக் கல்வி மிக்கவர். தமிழிலும் ஆழ்ந்த பற்றுடையவர். அவரைக் கண்டு பழகுவது நல்லது என்று தேசிகர் கூறியதன்பேரில், 1880 அக்டோபர் 21ஆம் நாள் சாமிநாதையர் அவருடைய வீட்டிற்குச் சென்றார்.

முதலியார் வரவேற்பில் அவ்வளவாக உற்சாகம் காட்டவில்லை. யாரிடம் தமிழ் படித்தீர்கள் என்று வினவினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்று ஐயர் விடையிறுத்தார். அப்பெயரைக் கேட்ட எவரும் முகம் மலர்வது வழக்கம். முதலியார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. ஐயர் தாம் கற்றவற்றை அடுக்கினார். அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று அப்பட்டியல் நீண்டது. முதலியார் பொறுமையாகக் கேட்டார். பின்னர், இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டார்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பத்து ஆண்டுகள் அரும்பாடுபட்டுக் கற்ற கல்வியை ஒருவர் ஒரே கேள்வியில் தள்ளிவிட்டால் யாருக்குத்தான் மனம் புண்படாது? ஐயருக்கும் புண்பட்டது. ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தமிழின் அருமை தெரியாது போலும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. ஆனால் முதலியார் அத்துடன் நிறுத்தவில்லை. இந்நூல்களுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் உள்ளனவே, அவற்றைப் படித்ததுண்டா என்றார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவர் ஆசிரியரிடமும் அந்நூல்களைப் பாடம் கேட்கும் வாய்ப்பு ஏற்படவில்லை. நூல் கையில் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்லிவிட முடியும் என்று ஐயர் சற்றுப் பெருமிதத்தோடு கூறினார்.

முதலியார் கேட்ட முறை கடுமையானதுதான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்ன முறை கடுமையாக இருந்ததால் சொல்லப்பட்ட பொருளும் தவறாகிவிடாது. ஐயர் வீடு திரும்பிய பின்னர் அவருக்குள் இரண்டு குரல்கள் எழுந்திருக்க வேண்டும். ஒன்று புண்பட்ட பெருமையின் குரல். இனி அவ்வீட்டு வாசலை மிதிக்காதே என்பது அதன் கட்டளை. மற்றொன்று, நமக்குத் தெரியாத பெரிய நூல்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று அறிய விரும்பிய மாணவனின் குரல். முதற்குரல் உரத்தது, இரண்டாவது மெல்லியது. ஐயர் மெல்லிய குரலைக் கேட்டார். மீண்டும் முதலியாரிடம் சென்றார். முதலியாரும் தம்மிடம் இருந்த சீவகசிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவரிடம் ஒப்படைத்தார்.

நூலைப் பிரித்ததும் ஐயரின் பெருமிதம் கரையத் தொடங்கியது. சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களை உடையது. நச்சினார்க்கினியர் எழுதிய உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. சைவச் சூழலில் கற்று வளர்ந்த ஐயருக்குச் சமண சமயக் கருத்துகளும் அவற்றிற்குரிய சொற்களும் புதியன. முதலியாருக்கு அந்நூலைப் படித்துக் காட்டும்போது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி நழுவிவிட அவர் முயலவில்லை. யாரிடம் கேட்டால் தெரியும் என்று தேடினார்.

கும்பகோணத்திலேயே சமணர் சிலர் வாழ்கின்றனர் என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். ஒரே ஊரில் இருந்தும் அதுவரை அவர்களோடு பழகியதில்லை. ஒருநாள் அவர்கள் இருக்கும் தெருவிற்குச் சென்றார். ஒரு வீட்டு வாயில் விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, அவ்வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்த நாள் அது என்று தெரிந்தது. ஐயர் திகைத்துப் போனார். புலவர் பலரும் கண்ணால் காணாத ஒரு காப்பியத்தை இங்கே குடும்பத்தினர் ஒன்றுகூடி வாசித்து, அது முடிவுற்றதைக் கொண்டாடுகின்றனர்! பக்கத்துத் தெருவில் இருந்த செல்வம் இத்தனை காலம் தம் காதுக்கு எட்டவில்லையே என்று அவர் வியந்தார்.

அவர்களுள் சந்திரநாத செட்டியார் என்பவர் சிந்தாமணியில் நல்ல பயிற்சி உடையவர். கல்லூரி ஆசிரியராகிய ஐயர் அவர் முன் மாணவராக அமர்ந்தார். பல ஆண்டுகள் புரியாத புதிர்போல் தோன்றக்கூடிய சொற்கள் அவ்வீட்டில் அன்றாடப் பேச்சாக வழங்கின. சமணர்களும், தம் சமய நூலைக் கற்க வந்த சைவரை வேற்றாராகக் கருதாமல் மகிழ்வோடு சொல்லிக்கொடுத்தனர். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். ஐயர் தம் சமயப் பற்றைச் சிறிதும் தளர்த்தவில்லை. பிற சமயத்தார் சொல்வதைக் கேட்பதையும் நிறுத்தவில்லை. ஏழு ஆண்டு உழைப்பின் பயனாக 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

ஓலைச் சுவடியைப் படிப்பதற்கும் செவி வேண்டும் என்றால் நீங்கள் வியப்படையலாம். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பல என்பதும் பல் என்பதும் ஒரே வடிவில் இருக்கும்; கொடு என்பதும் கோடு என்பதும் அப்படியே. செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. உரைநடைபோல் தொடர்ந்து எழுதிச் செல்வர். கண் மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. வாய்விட்டுப் படித்து, ஓசை எங்கே இடறுகிறது, பொருள் எங்கே பொருந்தவில்லை என்று காதால் ஆராய வேண்டும். தந்தையாரின் இசையும் ஆசிரியரின் செய்யுள்களும் பழக்கிய செவி இங்கே துணைநின்றது. ஆயினும் தம் செவியை மட்டும் அவர் நம்பிவிடவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். அவை வேறுபடும் இடங்களைப் பாடபேதம் என்று பதிப்பில் குறித்தார்.

சுவடி தேடி அவர் சென்ற பயணங்கள் தனி நூலாக எழுதத் தக்கவை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். திண்ணையில் அமர்ந்து, வீட்டாரின் குலப்பெருமை, வழக்கு விவகாரம், உடல்நலம் அனைத்தையும் கேட்ட பிறகுதான் சில பரண்களின் கதவு திறந்தது. எல்லா இடத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய சுவடிகள் மிகுதியாக இருந்தன என்று அறிந்து ஆவலோடு சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுவது சாத்திர முறை என்றும், அவ்வாறே இட்டுவிட்டதாகவும் அங்கிருந்தோர் தெரிவித்தனர். அவர்கள் அதனைத் தீச்செயலாகக் கருதவில்லை. ஒரு புண்ணியச் செயலாகவே சொன்னார்கள். அதுதான் ஐயருக்குத் தாங்க முடியாத வேதனையைத் தந்தது. எந்தெந்த நூல்கள் அத்தீயில் போயினவோ, இனி எவரும் அறிய இயலாது.

படித்தவர்களிடம் மட்டும் அவர் கேட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய நூலில் ஓரிடத்தில், இடையன் வெட்டிய மரம் உவமையாக வருகிறது. இடையன் வெட்டிய மரத்திற்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு? அகராதியோ உரைநூலோ அவருடைய ஐயத்தைத் தீர்க்கவில்லை. ஆடு மேய்க்கும் இடையர் ஒருவரின் சொல்லால்தான் பிறகு அது தெளிந்தது. இடையர் ஆடுகளுக்குத் தழை வேண்டிக் கிளையை வெட்டும்போது முழுவதும் துண்டித்துவிட மாட்டார்கள். கிளை வளைந்து ஆட்டின் வாய்க்கு எட்டும் அளவுக்கு வெட்டி, மரத்தோடு ஒட்டியே விட்டுவிடுவர். ஆடுகளும் தழை உண்ணும். கிளையும் உயிரோடு இருக்கும். எழுத்தறியாத ஒருவரின் வாய்மொழி, புலவர்கள் விளக்க முடியாத ஓர் உவமையை நொடியில் விளக்கிவிட்டது. இச்செய்தியை ஐயர் மகிழ்வோடு ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்தார்.

1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. முதலியார் அன்று பெயர் சொல்லிக் கேட்ட மூன்று காப்பியங்களும் இவ்வாறு தமிழுலகின் கைக்கு வந்து சேர்ந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தை அளித்தது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது.

முதுமையில் அவர் வேறொரு பணியை மேற்கொண்டார். இளமை முதல் தாம் கேட்டவற்றையெல்லாம் எழுத்தில் வடித்தார். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். தந்தையாருக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும், தாம் இடையில் விட்டு வந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றையும் எழுதினார். 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடன் இதழில் தம் வாழ்க்கையை, என் சரித்திரம் என்ற பெயரில் வாரந்தோறும் எழுதிவந்தார். உலகப் போரின் அச்சத்தால் சென்னை மக்கள் பலர் வெளியூர்களுக்குச் சென்ற காலத்தில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்றார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே காலமானார். என் சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

அந்நூலில் முதலியாரைச் சந்தித்த நாள் விரிவாக இடம்பெற்றுள்ளது. அந்நாளுக்கும் அவர் அதை எழுதிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. முதலியார் எதைக் கேட்டார், தாம் என்ன விடை சொன்னார், அதைக் கேட்டபோது முதலியாரின் முகம் எப்படி இருந்தது என்பவை வரை எதுவும் அவர் நினைவிலிருந்து நீங்கவில்லை. தாம் பெருமையோடு ஒப்பித்த நூற்பட்டியலையும், அது எடுபடாமல் போனதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.